லெவல் 0: கையெழுத்து போட்டது யாரு?

தலைப்பைப் பார்த்துவிட்டு "இது கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு" என்று ஓடிவிடாதீர்கள் மக்களே. எழுதுகிற நான் பி.காம். என் கூடப் படிக்கிறவர்களும் பி.காம். நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் கணக்கு வழக்குகளை வைக்கிற ஸ்டோரேஜ் பெட்டிகளில் பத்து, நூறு, சில இடங்களில் ஆயிரம் டிஸ்க்குகூட இருக்கும். அத்தனை டிஸ்க்கையும் எப்படிச் சேர்த்துக் கட்டுவது என்பதை ஒருவர் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி கட்டளையாக அடிக்கிறார். அந்த வரியில் நாலைந்து ஆப்ஷன்கள். அவ்வளவுதான், அடுத்த ஐந்தாறு வருஷத்துக்கு அந்த நிறுவனத்தின் தலையெழுத்து எழுதப்பட்டுவிட்டது. இதை எல்லோரும் "டெக்னிக்கல் சமாச்சாரம், சர்வர் பையன் பார்த்துப்பான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

என் கருத்து வேறு. அது ஒரு வியாபார முடிவு. எவ்வளவு ரிஸ்க் எடுக்கலாம், அந்த ரிஸ்க்கைக் குறைக்க எவ்வளவு பணம் போடலாம் என்கிற முடிவு. ஆயிரம் ரூபாய் பெட்டி கேஷ் வவுச்சருக்குக்கூட இரண்டு கையெழுத்து கேட்கிற நாம், இந்த ஒரு வரிக்கு ஒரு கையெழுத்தும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

(கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும். வாசித்துப் பார்த்தால் புரியும்.)

டிஸ்க்கை அடுக்குவது என்றால் என்ன?

நம்ம ஏரியாக்காரர்களுக்கு ஹார்பர் உதாரணம் சுலபமாகப் புரியும். ஒரு கப்பலுக்குப் போக வேண்டிய கன்டெய்னர்களை யார்டில் ஒரே இடத்தில் மலைபோலக் குவித்தால் ஒரு கிரேன்தான் வேலை செய்ய முடியும். நாலு பிளாக்குகளில் பிரித்து வைத்தால் நாலு கிரேன் ஒரே நேரத்தில் தூக்கும், வேலை சீக்கிரம் முடியும். டிஸ்க்கிலும் இதே கதைதான். ஒரு ஃபைலைத் துண்டு துண்டாக்கி நாலு டிஸ்க்கில் பரப்பினால் நாலும் சேர்ந்து வேகமாக வேலை செய்யும்.

ஆனால் ஒரு வம்பு இருக்கிறது. யார்டில் ஒரு பிளாக் எரிந்தால் கால்வாசி சரக்குதான் போகும். டிஸ்க்கில் ஒன்று செத்தால் ஒவ்வொரு ஃபைலிலும் கால்வாசி போகும். கால்வாசி இல்லாத ஃபைல் எதற்கும் உதவாது. அதாவது எல்லாமே போச்சு.

இதற்கு வழி சொன்ன புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை 1988-ல் வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூன்று பேரும் எழுதியது. விலை மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து, நம்பகமான ஒரு பெரிய டிஸ்க் போல நடக்க வைக்கலாம் என்றார்கள். அதற்கு ரெய்டு என்று பெயர். அதில் பல லெவல்கள். ஒவ்வொரு லெவலும் வேகம், இடம், பாதுகாப்பு மூன்றுக்கும் நடுவே ஒரு பேரம்.

பாரிட்டி என்கிற விஷயத்தை மட்டும் நம்ம பாஷையில் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் போட்ட பணத்தையும், அதன் கூட்டுத்தொகையையும் நாலு சீட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒரு சீட்டு தொலைந்தால் என்ன? மொத்தத்தில் இருந்து மற்ற இரண்டையும் கழித்தால் தொலைந்தது வந்துவிடும். மொத்தம் எழுதிய சீட்டே தொலைந்தாலும் கூட்டிப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே நடப்பது கூட்டல் இல்லை, எக்ஸ்-ஆர் என்கிற கணக்கு. ஆனால் தத்துவம் இதுதான். இரண்டு சீட்டு தொலைந்தால் மட்டும் அம்பேல்.

இப்போது 4 டி.பி. டிஸ்க் நாலு வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லெவல் 0 என்றால் 16 டி.பி. முழுதாகக் கிடைக்கும். ஒரு டிஸ்க் செத்தாலும் எல்லாம் போச்சு.
லெவல் 5 என்றால் 12 டி.பி. கிடைக்கும். ஒரு டிஸ்க் செத்தால் தாங்கும்.
லெவல் 6 என்றால் 8 டி.பி. எந்த இரண்டு செத்தாலும் தாங்கும்.
லெவல் 10 என்றால் அதுவும் 8 டி.பி. தான். ஒரு ஜோடியில் ஒன்று வீதம் இரண்டு செத்தால் தாங்கும், ஒரே ஜோடியின் இரண்டும் செத்தால் தாங்காது. எழுதும் வேகம் பொதுவாக லெவல் 6-ஐ விட நன்றாக இருக்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி இல்லையா? லெவல் 5-ல் 4 டி.பி. பிரீமியம் கட்டுகிறோம். லெவல் 6-ல் 8 டி.பி. கட்டுகிறோம். எது வேண்டும் என்று முடிவு செய்ய இன்ஜினியர் தேவையில்லை. சரக்கின் மதிப்பு தெரிந்தவர் தேவை.

ஒரே ஒரு எண், ஒரே ஒரு சொல்

லினக்ஸில் இதற்கு எம்டிஏடிஎம் என்று ஒரு கருவி இருக்கிறது. அதில் அடிக்க வேண்டியது சுமாராக இப்படி:

எம்டிஏடிஎம் --கிரியேட் /டெவ்/எம்டி0 --லெவல்=5 --ரெய்டு-டிவைசஸ்=4

அதன் பின்னால் நாலு டிஸ்க்கின் பெயர்கள். லெவல் 5-ஐயும் லெவல் 0-ஐயும் பிரிப்பது ஒரு எண் மட்டும்தான். அந்த டிஸ்க்குகளில் ஏற்கெனவே ஏதோ இருப்பது தெரிந்தால் கருவி "தொடரலாமா?" என்று கேட்கும். அந்தக் கேள்வியே வராமல் செய்வதற்கும் ஒரு ஆப்ஷன் வைத்திருக்கிறார்கள், --ரன் என்று. அவசரக்காரர்கள் அதை ஸ்கிரிப்டிலேயே போட்டு வைத்துவிடுவார்கள்.

இசட்.எஃப்.எஸ். என்று இன்னொன்று. அதில் "இசட்பூல் கிரியேட்" என்று அடித்து, பூலுக்கு ஒரு பெயர் கொடுத்து, நாலு டிஸ்க் பெயரை வரிசையாகக் கொடுத்தால் பூல் தயார். ஆனால் நடுவில் "ரெய்டு-இசட்" அல்லது "மிரர்" என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால், நாலு டிஸ்க்கும் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பரப்பப்படும். எச்சரிக்கை ஒன்றும் வராது. கேட்டதைக் கொடுத்தேன் என்று கம்மென்று இருக்கும். நெட்ஆப் பெட்டிகளில் இது நேர் எதிர். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டாலும் குறைந்தது இரண்டு டிஸ்க் சாவைத் தாங்கும்படிதான் கட்டும். மறந்துபோனவனுக்கும் பாதுகாப்பு. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் சரியென்று படுகிறது. மறதிக்குத் தண்டனையாக மொத்த டேட்டாவையும் கேட்பது நியாயம் இல்லை.

பாரிமுனைப் பக்கம் நடந்தது

பாரிமுனைப் பக்கம் ஒரு சி.எச்.ஏ. ஆபீஸ். பெயர் வேண்டாம். அங்கே சாயங்காலம் கணக்கு எழுதப் போய்க்கொண்டிருந்தேன். பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ் ஸ்கேன், டேலி டேட்டா எல்லாம் ஒரே ஃபைல் சர்வரில். அதில் நாலு டிஸ்க்.

நான் சேருவதற்கு முன்னால் நடந்ததை அங்கே இருந்த அக்கா சொல்லித்தான் தெரியும். சர்வர் வந்த அன்று முதலாளி திரையைப் பார்த்துவிட்டு, "இன்னாபா, பதினாறுக்குக் காசு குடுத்தேன், பன்னெண்டு தான் காட்டுது?" என்று கேட்டிருக்கிறார். சர்வர் மாட்ட வந்த பையன், "சார், ஒண்ணு சேஃப்டிக்கு சார்" என்றிருக்கிறான். "அதெல்லாம் வேணாம், முழுசா குடு." பையன் அழித்துவிட்டு 0 போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மூன்று நிமிஷப் பேச்சு. எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு நாள் காலையில் ஒரு டிஸ்க் போனது. கூடவே எல்லாம் போனது. பேக்கப் என்று இருந்தது எட்டு மாசம் பழசு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் காட்டினார்கள், அங்கிருந்து ரெக்கவரி ஆட்களிடம் போனது, பாதிகூட வரவில்லை.

இதில் எனக்கு ஆறாத விஷயம் டேட்டா போனது இல்லை. "நேத்து கடைசியா சர்வரை யாரு ஆஃப் பண்ணது?" என்று ஆரம்பித்து, பழி அந்த அக்கா மேல் வந்து நின்றது. தினமும் அவர்தான் கடைசியாகப் பூட்டிவிட்டுப் போவார். எட்டு மாச என்ட்ரியையும் அவரே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து திரும்பப் போட்டார், ஓவர்டைம் இல்லாமல். 16 டி.பி. கேட்டவருக்கு அது ஞாபகமே இல்லை. கட்டளை அடித்த பையன் வேறு ஊரில் வேறு வேலையில் இருந்தான். அந்த 0 யாருடைய முடிவு என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டு இருந்திருந்தால் அந்த அக்கா பிழைத்திருப்பார்.

எழுத்தில் இல்லாத முடிவுக்கான பழி எப்போதும் கீழே இருப்பவர் தலையில்தான் விழும். இது கம்ப்யூட்டருக்கு மட்டும் உரியதும் இல்லை. எங்கள் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2021 ஆகஸ்டில் கையால் தேய்த்தாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை டி.வி.யில் எல்லோரும் பார்த்தீர்கள். ஐ.ஐ.டி.யை வைத்து ஆய்வு செய்தார்கள். கலவையில் எது எவ்வளவு என்று முடிவெடுத்தபோது அங்கே குடியேறப் போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. உதிர்ந்தது மட்டும் அவர்கள் தலையில்.

பெரிய இடத்துக் கதைகள்

"சின்ன ஆபீஸ், விவரம் தெரியாத ஆள், அப்படித்தான் நடக்கும்" என்பீர்கள். சரி, நாம் எல்லோரும் பாடத்தில் படிக்கிற நேஷனல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சையே எடுத்துக்கொள்வோம்.

2021 பிப்ரவரி 24. காலை 11.40-க்கு என்.எஸ்.இ-யில் வர்த்தகம் நின்றது. மாலை 3.45-க்குத்தான் திரும்ப ஆரம்பித்து 5 மணி வரை ஓடியது. நடுவில் பி.எஸ்.இ. ஓடிக்கொண்டிருந்ததால் பல புரோக்கர்கள் வாடிக்கையாளர்களின் இன்ட்ராடே பொசிஷன்களை அங்கே முடித்தார்கள். நஷ்டப்பட்டவர்கள் நிறையப் பேர்.

காரணம் என்ன? பிரதான டேட்டா சென்டருக்கும் பக்கத்து மாற்று சென்டருக்கும் இடையே இருந்த டெலிகாம் இணைப்புகள் அறுந்தன. ரோட்டில் பள்ளம் தோண்டிய வேலை. சரி, மாற்று சென்டர்தானே துண்டானது, பிரதான சென்டர் ஓட வேண்டியதுதானே? ஓடவில்லை. அங்கே இருந்த ஸ்டோரேஜ் நெட்வொர்க்கே சர்வர்களுக்கு எட்டாமல் போனது. ரிஸ்க் மேனேஜ்மென்ட் சிஸ்டம் நின்றது. அது இல்லாமல் வர்த்தகம் நடத்த முடியாது. பிறகு என்.எஸ்.இ. சொன்ன விளக்கத்தின் சாரம் இது: ஸ்டோரேஜ் விற்ற நிறுவனம் வைத்திருந்த ஃபெயில்ஓவர் ஏற்பாடு என்.எஸ்.இ. கேட்டிருந்த வடிவமைப்பின்படி இல்லை, அவர்கள் செய்து கொடுத்த கான்ஃபிகரேஷனும் குறைபாடுள்ளது.

கவனியுங்கள். டிஸ்க் எரியவில்லை, யாரும் ஹேக் செய்யவில்லை. அமைத்த விதம் சரியில்லை. கேட்டது ஒன்று, பெட்டிக்குள் இருந்தது ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை முன்னாடியே நடந்திருந்தால் பள்ளம் தோண்டியவரோடு விஷயம் முடிந்திருக்கும்.

இதில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. என்.எஸ்.இ-யின் பேரிடர் கால மாற்று மையம் இருந்தது சென்னையில்தான். அன்றைக்கு வர்த்தகத்தை ஏன் அங்கே மாற்றவில்லை என்று செபி கேட்டது. 2023-ல் என்.எஸ்.இ-யும் அதன் கிளியரிங் நிறுவனமும் 70 கோடி ரூபாய்க்கும் மேல் கட்டி இந்த விவகாரத்தை செபியுடன் முடித்துக்கொண்டன.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2017 பிப்ரவரி 28-ல் அமேசானின் எஸ்3 ஸ்டோரேஜ் சேவை அமெரிக்காவின் வர்ஜீனியா மையத்தில் பல மணி நேரம் விழுந்தது. ஒரு கட்டளைக்குக் கொடுத்த மதிப்பு ஒன்று தப்பாகிப் போய், கொஞ்சம் சர்வர்களை எடுப்பதற்குப் பதில் நிறைய எடுத்துவிட்டது. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், ஸ்டோரேஜைப் பராமரித்த ஹெச்.பி.இ. நிறுவனத்தின் பேக்கப் ஸ்கிரிப்ட் 77 டி.பி. ஆராய்ச்சி டேட்டாவை அழித்தது. சுமார் 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள்.

அமேசான் பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. "அந்த ஊழியர் இனி கவனமாக இருப்பார்" என்று அவர்கள் முடிக்கவில்லை. சர்வர்களை மெதுவாகத்தான் எடுக்க முடியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக முடியாது என்று கருவியையே திருத்தினார்கள்.

சட்டத்தில் ஒரு ஓட்டை

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 128-ன்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். எலெக்ட்ரானிக்காக வைத்தால் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று 2022-ல் விதியை இறுக்கினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் எடிட் லாக் கட்டாயம். ஒரு வவுச்சரில் ஒரு ரூபாயை மாற்றினாலும் எப்போது மாறியது என்ற தடம் இருக்க வேண்டும். அந்த லாகை அணைக்கவும் முடியக் கூடாது.

நல்ல விதி. ஆனால் அந்த வவுச்சரும் அந்த எடிட் லாகும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற டிஸ்க்கின் அமைப்பை ஒருவர் மாற்றினால்? ஒரு ரூபாய்க்குத் தடம் கேட்கிற விதி, மொத்தப் புத்தகத்தையும் தாங்குகிற பலகைக்குத் தடம் கேட்கவில்லை.

இத்தனைக்கும் அது முடியாத காரியமும் இல்லை. மேலே நான் திட்டிய இசட்.எஃப்.எஸ்-ஸிலேயே "இசட்பூல் ஹிஸ்டரி" என்று ஒரு கட்டளை உண்டு. பூல் பிறந்த நாளிலிருந்து அதை மாற்றிய ஒவ்வொரு கட்டளையும், அடித்த ஆப்ஷன்களோடு, தேதியோடு வரும். -எல் சேர்த்தால் எந்த யூசர், எந்த மெஷின் என்பதும் வரும். டிஸ்க்கிலேயே பதிந்த எடிட் லாக்! அதே கருவியில் -என் என்ற ஆப்ஷன் போட்டால் எதையும் செய்யாமல், "இப்படித்தான் அமையும்" என்று காட்டும். நெட்ஆப்பிலும் சிமுலேட் என்று இதற்கு ஒரு ஆப்ஷன் இருக்கிறது. டிராஃப்ட் பேலன்ஸ் ஷீட் மாதிரி.

பாதுகாப்பாக இருக்கிற பூலில் வெறும் ஒற்றை டிஸ்க்கைச் சேர்க்கப் போனால் இசட்.எஃப்.எஸ். "பொருந்தவில்லை" என்று மறுக்கும். -எஃப் போட்டால்தான் கேட்கும். அப்படிச் சேர்த்த டிஸ்க்கை ரெய்டு-இசட் பூலிலிருந்து பிறகு எடுக்க முடியாது. முன்னாடியே செக்பாயின்ட் வைத்திருந்தால் பின்னால் போகலாம், இல்லையென்றால் மொத்தத்தையும் காலி செய்து புதிதாகக் கட்ட வேண்டும். -எஃப் என்பது ஆடிட்டர் எழுதிய ஆட்சேபணையை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது. அதைத் தனியாக ஒருவர் செய்ய விடலாமா?

நான் கேட்பது மூன்று

1. கட்டளை ஓடுவதற்கு முன் ஒத்திகையின் வெளியீட்டை அச்சடித்து ஃபைலில் வைக்க வேண்டும். ஒத்திகை வசதி இல்லாத கருவி என்றால், அடிக்கப் போகிற வரியையாவது எழுதி வைக்க வேண்டும்.

2. பேங்கில் மேக்கர்-செக்கர் இருப்பது போல, அடிப்பவர் ஒருவர், பார்த்து ஒப்புக்கொள்பவர் இன்னொருவர். -எஃப், --ரன் மாதிரி வாயை மூடவைக்கும் ஆப்ஷன்கள் ஸ்கிரிப்டில் இருந்தால் இரண்டாமவர் காரணம் கேட்க வேண்டும்.

3. ஒரே ஒரு பக்கம், சாதாரண தமிழிலோ ஆங்கிலமோ. "நாலு டிஸ்க், லெவல் இது, இத்தனை டிஸ்க் செத்தால் தாங்கும், இத்தனைக்கு மேல் தாங்காது, இதை முடிவு செய்தது இவர்." கீழே முதலாளியின் கையெழுத்து. அந்தப் பக்கத்தை வருஷா வருஷம் ஆடிட்டர் பார்க்க வேண்டும்.

சர்வர் வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் இதைச் சொன்னேன். "ராத்திரி ரெண்டு மணிக்கு டிஸ்க் போனா கையெழுத்துக்கு எங்கடா போறது?" என்றார். நியாயம்தான். செத்த டிஸ்க்கை மாற்றுவது அன்றாட வேலை, அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம். நான் சொல்வது புதிதாகக் கட்டுவதையும் அமைப்பையே மாற்றுவதையும் பற்றி. அது ஒரு பெட்டிக்கு வருஷத்தில் ஒரு தடவை வந்தால் அதிகம். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்க முடியாத அவசரம் என்றால், அந்த அவசரத்தையே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

"இப்பதான் எல்லாம் கிளவுட் ஆச்சே" என்று இன்னொரு நண்பன். அங்கேயும் இதே கேள்வி வேறு பெயரில் இருக்கிறது. அமேசான் எஸ்3-யில் "ஒன் ஸோன்" என்று ஒரு வகை உண்டு. விலை குறைவு, ஏனென்றால் டேட்டா ஒரே ஒரு மண்டலத்தில் மட்டும் இருக்கும். அந்த மண்டலம் அழிந்தால் டேட்டாவும் போகலாம். அதைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு ஆப்ஷன்தான். 16 டி.பி. கேட்ட முதலாளியின் ஆசைதான் அங்கேயும் மாச பில்லைப் பார்த்துப் பேசுகிறது.

இன்னொன்று, ரெய்டு பேக்கப் ஆகாது. தப்பாக அழித்த ஃபைலை லெவல் 6 இரண்டு மடங்கு பத்திரமாக அழிக்கும் :-) பேக்கப் தனியாக, வேறு இடத்தில் இருக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது, திரும்ப ஏற்றியும் பார்க்க வேண்டும்.

நம்மில் பாதிப் பேர் நாளைக்கு ஏதோ ஒரு ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் பார்க்கப் போகிறோம். சில பேர் ஆர்ட்டிகிள்ஷிப் சேர்ந்து ஆடிட் போகப் போகிறோம். ஸ்டாக் எண்ணுவீர்கள், கேஷ் எண்ணுவீர்கள், ஃபிக்ஸட் அசெட் ரிஜிஸ்டர் பார்ப்பீர்கள். அன்றைக்கு சர்வர் ரூமையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். "எத்தனை டிஸ்க் செத்தா தாங்கும்? இதை முடிவு பண்ணது யாரு? எங்க எழுதி இருக்கு?" மூன்றே கேள்வி. மூன்றாவதற்குப் பதில் வரவில்லை என்றால் உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்தால், டிஸ்க் போகிற அன்றைக்குப் பழி பூட்டிவிட்டுப் போனவர் மேல் விழாது.

பி.கு: வீட்டில் நாலு டிஸ்க் வைத்துப் பழகிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் புது டிஸ்க் வாங்க வேண்டியதில்லை. லினக்ஸில் நாலு சாதாரண ஃபைல்களையே டிஸ்க் போலக் காட்டி இசட்பூல் கட்டலாம். கட்டி, வேண்டுமென்றே ஒரு ஃபைலைக் கெடுத்துப் பாருங்கள். எந்த லெவல் தாங்குகிறது என்று கண்ணால் பார்த்தவனை யாரும் ஏமாற்ற முடியாது.